மேற்கோள் வரிகளின் மடிப்பும் வக்தாவின் அடையாளமும்

ஒரு வாக்யத்தின் பொருளை நிச்சயிக்கப் புகுமுன் அது யாருடைய வாக்யம் என்பது நிச்சயிக்கப்பட வேண்டும். பூர்வபக்ஷியின் கூற்றை ஸித்தாந்தியின் கூற்றாகக் கொண்டுவிட்டால், பதவுரை முழுவதும் பழுதின்றி இருந்தும் தாத்பர்யம் தலைகீழாகிவிடும். வ்யாக்யான க்ரந்தங்களில் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. மூலம் எது, வ்யாக்யானம் எது, அதற்கு எழுந்த அரும்பதவுரை எது, நடுவே ப்ரமாணமாக எடுக்கப்பட்ட வாக்யம் எதுவரை என்று பிரித்தறிவதிலேயே படிப்பின் முதற்பகுதி கழிகிறது.

இப்போது அந்த ச்ரமம் வேறொரு துறையிலும் தலைகாட்டுகிறது. சுவடிகளைப் பார்த்துப் பெயர்த்தெழுதுவதும், பாடபேதங்களைக் கூட்டி விசாரிப்பதும், அச்சுப்படி திருத்துவதும் கணினியில் நடைபெறுகின்றன. ஒருவர் எழுதியதை எடுத்துக்காட்டி மற்றொருவர் பதிலெழுதுகிறார். அதையும் எடுத்துக்காட்டி மூன்றாமவர் எழுதுகிறார். இவ்வாறு அடுக்கடுக்காக வரும் மேற்கோள்களை உரைத் தொகுப்பியாகிய எடிட்டர் தானாக மடித்து வரிப்படுத்தும்போது, எந்தச் சொல் யாருடையது என்னும் அடையாளம் எப்படிக் கெடுகிறது, எப்படிக் காக்கப்படுகிறது என்பதே இங்கு விசாரிக்கப்படுகிறது.

வெறும் எழுத்தால் ஆன மின்னஞ்சலில் மேற்கோளுக்கு அடையாளம், வரியின் தொடக்கத்தில் இடப்படும் > என்னும் கோணக்குறி. ஒரு குறி இருந்தால் முன்னவர் வாக்கு. இரண்டு இருந்தால் முன்னவர்க்கு முன்னவர் வாக்கு. குறியே இல்லாதது இப்போது எழுதுபவருடைய வாக்கு. இது மிகப் பழைய வழக்கை ஒத்திருக்கிறது. கிரேக்கச் சுவடிகளில் இதே வடிவமுள்ள குறி ஒன்று ஓரத்தில் இடப்பட்டது. 'டிப்பிளே' என்பது அதன் பெயர். ஹோமருடைய காவ்யத்தில் கவனிக்கத்தக்க இடங்களைக் காட்ட அரிஸ்டார்கஸ் அதைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் க்றிஸ்தவ லேககர்கள் தங்கள் வேதவாக்யங்கள் மேற்கோளாக வருமிடங்களில் அதை ஓரத்தில் இட்டனர். ஆங்கில அச்சுப் புத்தகங்களிலும், நீண்ட மேற்கோளின் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் மேற்கோட்குறியை இடும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது.

நம்முடைய க்ரந்தங்கள் கையாண்ட வழி வேறு. ஸம்ஸ்க்ருதத்தில் 'இதி' என்றும், தமிழிலும் மணிப்ரவாளத்திலும் 'என்று', 'என்கிறபடியே', 'என்னில்' என்றும் மேற்கோள் முடியும் இடம் சொல்லாலேயே காட்டப்படுகிறது. அந்தச் சொல் வாக்யத்தின் அவயவம். ஓலையின் நீளம் மாறினாலும், ஏடு பெயர்த்தெழுதுகையில் வரி எங்கே முறிந்தாலும் அது உடன் செல்லும். ஓரத்துக் குறியோ வாக்யத்தைச் சேர்ந்ததன்று, வரியைச் சேர்ந்தது. வரி மாறினால் அதன் ஆதாரமே போய்விடும். பின்வரும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் மூலம் இந்த ஒரு பேதமே.

இனி, வரியின் நீளம் எப்படி ஏற்பட்டது என்பது. ஐ.பி.எம். நிறுவனம் 1928-ல் வெளியிட்ட துளையட்டையில் 80 எழுத்திடங்கள் இருந்தன. பின்வந்த கணினித் திரைகளும் பெரும்பாலும் அந்த அளவையே பின்பற்றின. 1978-ல் வந்த புகழ்பெற்ற வி.டி. 100 முனையம் வரிக்கு 80 இடமாக 24 வரிகளைக் காட்டியது. இதனால் மின்னஞ்சல் எழுதுபவர்கள் 72 இடத்திற்குள் வரியை முடிக்கும் வழக்கம் நிலைபெற்றது. எண்பது இருக்க எழுபத்திரண்டு ஏன் என்னில்: ஒவ்வொரு முறை மேற்கோளாகும்போதும் கோணக்குறி ஒன்றும் அதன் பின் வெற்றிடம் ஒன்றுமாக இரண்டு இடம் கூடுகிறது. 72 இடமுள்ள வரி நான்கு முறை மேற்கோளாகி 80-ஐ அடையும். ஐந்தாம் முறையில்தான் திரையை மீறும். மறுமொழிகளுக்கு இடம்விட்டுக் கணக்கிட்ட அளவு அது.

மீறினால் நேர்வது என்ன? அனுப்பும் நிரலோ எழுதும் எடிட்டரோ, குறியின் பொருளை அறியாமல், அளவுக்கு மிஞ்சிய சொல்லை மட்டும் வெட்டி அடுத்த வரியில் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட சொல்லுக்குக் குறி கிடையாது. அடுத்த வரி பழையபடி குறியோடு தொடங்கும். நீண்ட வரியும் துண்டு வரியுமாக மாறி மாறி வருவதால் பார்வைக்குப் பல்லுதிர்ந்த சீப்புப்போல் இருக்கும். மின்னஞ்சல் விதிகளை வகுத்தவர்களே தங்கள் ஆவணத்தில் இதற்கு 'வெட்கப்படவைக்கும் வரிமடிப்பு' என்று பொருள்படும் பெயரைத் தலைப்பாகவே இட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் கண்ணுக்குத்தான் வெட்கம். தமிழிலோ பொருளுக்கே ஆபத்து. தமிழ் வாக்யத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. 'அன்று', 'இல்லை', 'பொருந்தாது', 'கூடாது' என்னும் நிஷேதங்கள் இறுதியில் நிற்கின்றன. 'என்பர்', 'என்று பூர்வபக்ஷம்' என்னும் வக்தாவின் அடையாளமும் இறுதியிலேயே நிற்கிறது. வரியின் கடைசிச் சொல்லே வெட்டுண்டு விழுவதாகையால், பத்தி முடியுமிடத்தில் விழுவது பெரும்பாலும் வாக்யத்தின் தீர்ப்பாகவே இருக்கும். ஓர் உதாரணம் காண்க.

> > ஜீவாத்மா எங்கும் பரந்திருப்பவன் என்றே இதற்குப் பொருள் கொள்ள
வேண்டும்.
> அப்படிக் கொண்டால் அணு என்று ஓதும் ச்ருதியோடு முரணும், ஆகவே அது
பொருந்தாது.
நம் பூர்வாசார்யர்கள் கொண்ட நிர்வாஹம் இதுவே.

மூவர் பேசும் இடம் இது. முதல்வர் பூர்வபக்ஷம் கூறுகிறார், இரண்டாமவர் மறுக்கிறார், மூன்றாமவர் அந்த மறுப்பை ஆமோதிக்கிறார். 'வேண்டும்', 'பொருந்தாது' என்னும் இரு சொற்களும் குறியிழந்து நிற்பதால் இரண்டும் மூன்றாமவருடைய சொற்களாகத் தோன்றுகின்றன. இந்த அளவில் நின்றால் அறிந்தவர் ஊகித்துத் திருத்திக்கொள்வர். இதற்கு அடுத்த படியில்தான் கேடு முற்றுகிறது. இதே பகுதியை மற்றொரு எடிட்டரில் இட்டு, 'பத்தியைச் சீராக்கு' என்று கட்டளையிட்டால், குறியில்லாமல் அடுத்தடுத்து நிற்கும் கடைசி இரண்டு வரிகளையும் ஒன்றாக இணைத்து 'பொருந்தாது. நம் பூர்வாசார்யர்கள் கொண்ட நிர்வாஹம் இதுவே' என்று ஒரே வரியாக்கிவிடும். இரண்டாமவருடைய வாக்யம் முற்றில்லாமல் 'ஆகவே அது' என்பதோடு நின்றுவிடும். நிறுத்தக்குறியையும் ஒருவர் மறந்திருந்தால் பின்னர் எடுத்துப் படிப்பவருக்கு ஊகிக்கவும் வழியில்லை. லேகக ப்ரமாதம் என்று ஏடெழுதியவர்மேல் நாம் ஏற்றும் பிழைகளில் பல இவ்வகையில் உண்டாயிருக்கக் கூடியவையே. அங்கே கை தவறியது. இங்கே விதி தவறாமல் நடந்தே பிழை விளைகிறது.

இதற்குப் பரிஹாரம் எடிட்டர்களுக்குள்ளேயே வெகுநாளாக இருந்து வருகிறது. அதன் க்ரமத்தை அறிந்துகொண்டால் எந்த எடிட்டரிலும் அதை அடையாளம் காணலாம். மேற்கோட் பத்தியை மடிக்க வேண்டுமானால் முதலில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் உள்ள குறித்தொகுதியை அளந்து தனியே எடுக்க வேண்டும். ஒரே அளவு குறியுள்ள அடுத்தடுத்த வரிகளை மட்டும் ஒரு பத்தியாக இணைக்க வேண்டும். அளவு மாறுமிடத்தில் வக்தா மாறுகிறானாகையால் அங்கே இணைப்பு நிற்க வேண்டும். மொத்த அகலத்திலிருந்து குறியின் அகலத்தைக் கழித்து, மிஞ்சிய அகலத்தில் பத்தியை மறுபடி வரிகளாக முறிக்க வேண்டும். முறித்தபின் உண்டான ஒவ்வொரு வரிக்கும் எடுத்து வைத்த குறித்தொகுதியைத் திரும்பச் சூட்ட வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் முன்சொன்ன சீப்பு தோன்றும்.

1976-ல் தொடங்கி, 1985 முதல் க்னூ வடிவில் வழங்கிவரும் ஈமாக்ஸ் என்னும் எடிட்டரில், ஒவ்வொரு வரிக்கும் திரும்பச் சூட்டப்படும் இந்தத் தொகுதிக்கு 'ஃபில் ப்ரிஃபிக்ஸ்' என்று பெயர், வரிமுன்னொட்டு என்னலாம். அகலம் இயல்பாக 70 இடம். மெட்டா விசையோடு க்யூ எழுத்தை அழுத்தினால் பத்தி மடிக்கப்படும். தட்டச்சு செய்யச் செய்யத் தானாக மடிக்கும் 'ஆட்டோ ஃபில்' முறை இதனின்றும் வேறு. அகலத்தைத் தாண்டியபின் வெற்றிடத்தையோ புதுவரியையோ தட்டும்போதுதான் அது வேலை செய்யும். வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய நீண்ட மேற்கோளை அது தொடாது. 'தானாக மடிக்கும் முறையை இயக்கியிருந்தும் மேற்கோள் நீண்டே கிடக்கிறதே' என்று பலர் மயங்குவதற்குக் காரணம் இதுவே. ஒட்டியதை மெட்டா-க்யூ கொண்டு ஒரு முறை மடித்தாக வேண்டும்.

முன்னொட்டு இன்னதென்று ஈமாக்ஸ் தானே ஊகிப்பதும் உண்டு. பத்தியில் இரண்டு வரிகளாவது இருந்தால் இரண்டாம் வரியின் தொடக்கத்தைப் பார்த்து, அது முதல் வரியிலும் இருந்தால், அதையே முன்னொட்டாகக் கொள்ளும். இதில் நுட்பமான இடம் ஒன்றிருக்கிறது. இக்காலத்து மேற்கோள் பல நேரங்களில் ஒரே நீண்ட வரியாக, ஒரே குறியோடு வருகிறது. ஒப்பிட இரண்டாம் வரி இல்லை. அந்நிலையில் சாதாரண உரை முறையில் ஈமாக்ஸ், அந்தக் குறி முதல் வரிக்கு மட்டும் உரிய அலங்காரமோ என்று சந்தேகித்து, பின்வரும் வரிகளுக்குக் குறிக்குப் பதில் அதே அளவு வெற்றிடத்தை இடக்கூடும். ஒரு புள்ளியிட்டு எழுதிய பட்டியலுக்கு அது தகும், மேற்கோளுக்குத் தகாது. அப்போது குறியின் முடிவில் சுட்டியை நிறுத்திக் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி ஒரு முற்றுப்புள்ளியைத் தட்டினால், 'இதுவே முன்னொட்டு' என்று நாமே நிச்சயித்துக் கொடுத்ததாகும். மின்னஞ்சல் எழுதுவதற்கென்றே உள்ள முறையில் பணிசெய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது.

1991 முதல் வெளிவரும் விம் எடிட்டரில் கட்டளை ஜி-க்யூ. அதன் அமைப்புகளில் கோணக்குறி 'அடுக்காக வரக்கூடியது' என்று இயல்பாகவே பதியப்பட்டிருப்பதால் இரண்டு குறி, மூன்று குறி உள்ள வரிகளைத் தனித்தனியாக அறிந்து மடிக்கும். மின்னஞ்சல் என்று கண்டுகொண்டால் அகலத்தை 72 என்று தானே அமைத்துக்கொள்ளும். அதில் 'எல்' என்னும் ஓரெழுத்து விருப்பம் ஒன்று உண்டு. எழுதத் தொடங்கும்போதே ஒரு வரி அகலத்தை மீறியிருந்தால் அதை உடைக்காமல் விட்டுவிடு என்பது அதன் பொருள். மேற்கோள் வரிக்குள் ஒரே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தப் புகுந்தவன் அதன் வரியமைப்பைக் குலைக்காமலிருக்க இது உதவுகிறது. பதிப்பாசிரியனுக்கு மிக உகந்த அடக்கம் இது.

இணைத்த பத்தியை எந்த இடங்களில் முறிப்பது என்பதிலும் இரு பக்ஷங்கள் உண்டு. பெரும்பாலான எடிட்டர்கள் ஒவ்வொரு வரியையும் நிரம்பும்வரை நிரப்பி அடுத்ததற்குப் போகும். டொனால்ட் க்னூத், மைக்கேல் ப்ளாஸ் இருவரும் 1981-ல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த முறையோ, பத்தி முழுவதையும் ஒருங்கே நோக்கி எல்லா வரிகளும் ஒழுங்காக அமையும்படி முறிவுகளைத் தேர்கிறது. டெக் அச்சுக்கோப்பு நிரல் அவ்வாறு செய்கிறது. மேற்கோள்களை மடிப்பதற்கென்று ஆடம் காஸ்டெல்லோ எழுதிய 'பார்' என்னும் சிறு நிரலும் பத்தி முழுவதையும் நோக்கியே முறிப்பது. அதை மற்ற எடிட்டர்களுக்குள்ளிருந்தும் அழைக்கலாம். நம் விசாரத்திற்கு இது அழகைப் பற்றியதேயன்றி ப்ராமாண்யத்தைப் பற்றியதன்று.

இங்கு ஒரு சங்கை. வரியை உடைப்பதால்தானே இத்தனை இடர்? உடைக்காமல் பத்தி முழுவதையும் ஒரே வரியாக வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் மடித்துக் காட்டினால் என்ன?

அப்படிச் செய்வதும் உண்டு. ஈமாக்ஸில் 'விஷுவல் லைன்' முறையும், விம்மில் 'வ்ராப்', 'லைன்ப்ரேக்' என்னும் அமைப்புகளும் அதற்கானவை. கோப்பில் யாதொரு மாற்றமும் நேராது. சாளரத்தின் அகலம் மாறினால் மடிப்பும் மாறும். ஆயினும் பத்தி முழுவதற்கும் கோணக்குறி ஒன்றே ஆகிறது. திரையில் பத்து வரியாகத் தோன்றும் மேற்கோளில் முதல் வரிக்கு மட்டும் குறி இருக்கும். மற்ற ஒன்பதும் எழுதுபவருடைய சொற்கள் போலத் தோன்றும். கோப்பில் பிழையில்லை, காட்சியில் ப்ரமம். மடித்துக் காட்டும் ஒவ்வொரு வரிக்கும் முன்னொட்டை நிழலாகச் சூட்டிக் காட்டும் 'அடாப்டிவ் வ்ராப்' என்னும் சேர்க்கை ஈமாக்ஸுக்கு உண்டு. அதைச் சேர்த்துக்கொண்டவருக்கே இந்த வழி முழுமையாகப் பயன்படும். அன்றியும் மின்னஞ்சலில் ஒரு வரிக்குப் பேரெல்லை ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. வரி 78 எழுத்துக்குள் இருப்பது நன்று, 998-ஐ எக்காரணத்தாலும் மீறலாகாது என்று 2008-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5322 கூறுகிறது. 2012-ல் வந்த ஆர்.எஃப்.சி. 6532, பிறமொழி எழுத்துகளை நேரே அனுப்புமிடத்தில் அந்த 998-ஐ எழுத்தாக அல்லாமல் பைட்டாகக் கொள்ள வேண்டும் என்று மாற்றியது. தமிழுக்கு இதனால் விளைவதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டு பக்ஷங்களுக்கும் ஸமன்வயம் தேடியதே ரான்டால் ஜெலன்ஸ் வகுத்த விதி. 1999-ல் ஆர்.எஃப்.சி. 2646 ஆகவும், திருத்தங்களோடு 2004-ல் ஆர்.எஃப்.சி. 3676 ஆகவும் அது வெளிவந்தது. 'ஃபார்மேட் ஃப்ளோவ்டு' என்பது அதன் வழக்குப் பெயர். நெகிழ்வரி அமைப்பு என்று கொள்ளலாம். அதன் ஸாரம் மிகச் சிறியது. வரியின் இறுதியில் ஒரு வெற்றிடம் இருந்தால், அந்த முறிவு இடவசதிக்காக நேர்ந்தது. படிக்கும் நிரல் அடுத்த வரியை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். வெற்றிடம் இல்லாவிட்டால், அந்த முறிவு எழுதியவர் வேண்டுமென்றே செய்தது, அதைத் தொடலாகாது. மேற்கோளின் ஆழம், வரித் தொடக்கத்தில் இடைவெளியின்றி நிற்கும் கோணக்குறிகளின் எண்ணிக்கையால் அளக்கப்படும். ஆழம் வேறுபடும் இரண்டு வரிகளை, முந்தையதன் இறுதியில் வெற்றிடம் இருந்தாலுங்கூட, சேர்க்கலாகாது. வக்தா மாறுமிடத்தில் வரி இணையாது என்னும் இந்த ஒரு நியமமே மேலே காட்டிய உதாரணத்தின் கேட்டை வேரோடு தடுப்பது. எழுதுபவருடைய சொந்த வரியே தற்செயலாகக் கோணக்குறியில் தொடங்க நேர்ந்தால், அதன் முன் ஒரு வெற்றிடத்தை இட்டு மேற்கோளன்று என்று காட்ட வேண்டும் என்றும் விதித்தார்.

இது வெறும் கற்பனைச் சங்கையன்று. அஞ்சல்களைச் சேமிக்கும் பழைய கோப்பு வகை ஒன்றில், 'ஃப்ரம்' என்னும் ஆங்கிலச் சொல்லால் தொடங்கும் வரி புதிய அஞ்சலின் தலைப்பென்று மயக்கம் தருமாகையால், நிரலே அதன் முன் ஒரு கோணக்குறியை இட்டுவிடும். ஒருவர் தாமே எழுதிய வரி பிறருடைய மேற்கோளாகிவிடும். குறி விழுவதால் வரும் மயக்கம் ஒன்று, குறி ஏறுவதால் வரும் மயக்கம் மற்றொன்று.

மூலமும் வ்யாக்யானமும் கலந்த உரைகளுக்கு இந்த நெகிழ்வரி விதி எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணிப் பார்க்கத்தகும். பாசுரத்தின் அடி முறிவு கவியினுடையது. எதுகையும் தொடையும் அதைப் பற்றி நிற்கின்றன. வ்யாக்யானத்தின் வரி முறிவு இடத்தால் வந்தது, அதற்குப் பொருளில்லை. ஓலையில் இந்த பேதம் தோன்றுவதில்லை. அங்கே பாட்டும் உரையும் ஒரே ஒழுக்காக, சொல்லிடைவெளியின்றி, ஓலையின் ஓரம் வரை சென்று, கயிற்றுத் துளையைச் சுற்றி விலகி, மீண்டும் ஓடும். அடிகளைப் பிரிப்பது படிப்பவனுடைய யாப்பறிவு. அச்சு வந்தபின் அடி பிரித்து அச்சிட்டோம். கணினிக் கோப்பிலோ, அடியின் இறுதியில் வெற்றிடம் இல்லாமலும் உரைவரியின் இறுதியில் வெற்றிடத்தோடும் எழுதினால், கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒரு வெற்றிடமே பாட்டையும் உரையையும் வேறுபடுத்திக் காட்டும்.

கண்ணுக்குப் புலப்படாதது என்பதே அதன் பலஹீனமும் ஆகும். தட்டச்சு செய்பவர்களில் பலருக்கு ஒவ்வொரு சொல்லின் பின்னும் இடைவெளி விசையைத் தட்டுவது கைப்பழக்கம். அடியின் கடைசிச் சொல்லுக்குப் பின்னும் அவ்வாறே தட்டிவிட்டால், நாலடிப் பாசுரம் பெறுபவருடைய திரையில் ஒரே உரைப்பத்தியாக ஓடிவிடும். மறுதலையாக, 'வரியிறுதி வெற்றிடங்களை நீக்கு' என்று அமைக்கப்பட்ட எடிட்டர், சேமிக்கும்போது எல்லா வெற்றிடத்தையும் துடைத்துவிடும். நெகிழ வேண்டிய உரை கல்லாய் இறுகிவிடும். ஆகவே இவ்விதியைப் பின்பற்றுபவர்கள் வரியிறுதி வெற்றிடத்தைத் திரையில் தெரியும்படி அமைத்துக்கொண்டே பணிசெய்ய வேண்டும். ஈமாக்ஸ், விம் இரண்டிலும் அதற்கு வசதி உண்டு. விம்மில் 'டபிள்யூ' என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், வெற்றிடத்தில் முடியும் வரி தொடர்வது, முடியாத வரி நின்றது என்று கொண்டு அது மடிக்கும். பாட்டை மடியாமல் உரையை மட்டும் மடிப்பதற்கு இதைக்காட்டிலும் எளிய வழியில்லை.

2004-ஆம் ஆண்டு விதியில் புதிதாகச் சேர்ந்தது 'டெல்எஸ்பி' என்னும் விசேஷணம். சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதும் மொழிகளுக்காக, வரிகளை இணைக்கும்போது இறுதி வெற்றிடத்தை நீக்கிவிடும்படி கூறுவது அது. இடம்விட்டு எழுதும் தமிழுக்கு அது வேண்டுவதில்லை. ஆயினும் நீண்ட ஸமாஸத்தை நடுவில் முறித்து, இணைக்கும்போது மறுபடி ஒரே பதமாக்க வேண்டுமானால் அது உதவும். அப்போது உண்மையான சொல்லிடைவெளியில் முறியும் வரிகளுக்கு இரண்டு வெற்றிடம் இட நேரும். உதவியைக்காட்டிலும் உபத்ரவம் அதிகம் என்றே தோன்றுகிறது.

ஸமாஸத்தைப் பற்றிய பேச்சு எழுத்தெண்ணிக்கையில் கொண்டுவிடுகிறது. 'ஸ்வரூபரூபகுணவிபூதிகள்' என்னும் பதத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணால் எண்ணினால் 13 எழுத்து. யூனிகோட் முறையில் மெய்க்கு ஓர் எண், உயிர்க்குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்று வைப்பதால் 21 குறியெண்கள். யு.டி.எஃப்.-8 என்னும் வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் கொள்வதால் 63 பைட். அகலத்தைப் பைட்டால் எண்ணும் நிரலிடம் 72 என்று சொன்னால் இந்த ஒரு பதமே ஏறக்குறைய வரியை நிறைத்துவிடும். 998 பைட்டும் 332 குறியெண்களில் தீர்ந்துவிடும். புள்ளியை இடமற்றதாக விட்டு எண்ணும் நிரல்களும் உண்டு. ஆகவே ஒரே பத்தி, ஒரே அகலம், இரண்டு எடிட்டர்களில் இரண்டு விதமாக மடியும். அளவு மீறிய பதத்தைப் பைட் கணக்கில் வெட்டும் நிரல் இன்னும் கொடியது. எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழுந்து, உயிர்க்குறி தன் மெய்யை விட்டுப் பிரிந்து அடுத்த வரியின் தலையில் புள்ளிவட்டத்தைத் தாங்கி நிற்கும்.

அஞ்சல் வழியில் நேரும் மடிப்புகள் எல்லாம் இவ்வாறு கெடுப்பன அல்ல. 1996-ல் ஆர்.எஃப்.சி. 2045 வகுத்த 'கோட்டட் ப்ரின்டபிள்' என்னும் முறையில், வரி 76 இடத்தை மீறாதபடி நடுவில் சமக்குறியிட்டு முறிக்கப்படும். சேருமிடத்தில் அந்தக் குறியோடு முறிவும் நீக்கப்பட்டு வரி முன்னிருந்தபடியே ஆகும். முறித்தவன் தான் முறித்ததைக் குறித்து வைத்தான், அதனால் ஹானியில்லை. சுவடிப் பதிப்புக்கென்று பல தேசத்து அறிஞர்கள் கைக்கொள்ளும் டி.இ.ஐ. விதிகளிலும் இதே நோக்கம் உண்டு. மூலச்சுவடியின் வரி எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு குறியும், மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு வேறு குறியும் உரைக்குள்ளேயே இடப்படுகின்றன. கோப்பின் வரிமுறிவுக்குப் பொருளே கிடையாது. எடிட்டர் எப்படி மடித்தாலும் மேற்கோள் மேற்கோளாகவே இருக்கும். 'இதி' என்று சொல்லால் முடித்த பழைய வழியோடு இது உறவுடையது.

க்ரந்தத்தின் அளவைச் சொல்வதிலும் பெரியோர் வரியை நம்பவில்லை. திருவாய்மொழி வ்யாக்யானங்கள் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று பெயர்பெற்றது, ஒற்று நீங்கலாக 32 எழுத்துக் கொண்டது ஒரு படி என்னும் கணக்கால். ஓலைதோறும், கைதோறும் வரி மாறும், படி மாறாது. அக்கணக்கில் மேற்காட்டிய ஸமாஸம் 11 எழுத்து. பெயர்த்தெழுதிய கோப்பில் மடிப்பின்போது சொல் ஏதும் விழுந்ததோ என்று ஐயம் எழுந்தால், கோணக்குறிகளையும் வெற்றிடங்களையும் வரிமுறிவுகளையும் நீக்கி, புள்ளியுள்ள எழுத்துகளைத் தள்ளி, மடிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணி ஒப்பிடலாம். எடிட்டர்களில் இதைச் செய்யும் கட்டளையை எழுத நாலைந்து வரிகள் போதும். சொல் விழாமல் குறி மட்டும் விழுந்திருந்தால் இந்த எண்ணிக்கை அதைக் காட்டாது. அதற்கு வரித் தொடக்கங்களை மட்டும் தனியே எடுத்து, குறியில்லாத வரி குறியுள்ள இரண்டு வரிகளுக்கு நடுவே ஒற்றைச் சொல்லாய் நிற்கும் இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.